டோடோவை முட்டாளாக்கிய புத்திசாலிகள் (அடியேன் உட்பட)

மொதல்லயே சொல்லிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோவமான பதிவும்கூட. கோவத்துல பாதி என் மேல, மீதி உங்க மேல. காபியோ டீயோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

எங்க குடியிருப்புல பொங்கல் விழான்னா கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், கடைசியா ஒரு வினாடி வினா. மூணு வருஷமா வினாடி வினா நடத்துறது அடியேன்தான். (வேற யாரும் கிடைக்கலைன்னு அர்த்தம்.) இந்த வருஷம் சிறுவர் சுற்றுல ஒரு கேள்வி கேட்டேன்: "போர்த்துகீசிய மொழியில் 'முட்டாள்' என்று பொருள் தரும் பெயரைக் கொண்ட, அழிந்துபோன பறவை எது?" ஒரே நேரத்துல நாலு கை உயர்ந்துச்சு. டோடோ! பத்து மதிப்பெண், கைதட்டல், எனக்கும் ஒரே பெருமை.

அடுத்த கேள்வி எங்க அக்கா பையன் இருந்த அணிக்கு. பதினோரு வயசு. எதைக் கேட்டாலும் யோசிச்சு, சொல்லை வாய்க்குள்ள ஒரு தடவை உருட்டிப் பார்த்துட்டுத்தான் பேசுவான். அவன் உருட்டி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு. பின்வரிசையிலேர்ந்து ஒரு குரல்: "டேய் டோடோ!" கூடமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், மறைக்க விரும்பல. அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்ல. இப்ப கீழ கிரிக்கெட் ஆடும்போது அதான் அவன் பேரு. லிஃப்ட்ல அதான் பேரு. பள்ளிக்கூட வேன்லயும் ஏறிக்கிச்சு. போன வாரம் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூட கழட்டாம வாசல்லயே நின்னு கேட்டான்: "மாமா, நிஜமாவே அதுக்கு அதான் அர்த்தமா?"

"ஆமாண்டா"ன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பதான் உறைச்சுது, எனக்கு இது எப்படித் தெரியும்? எங்கேயோ படிச்சேன். எழுதினவர் எங்கேயோ படிச்சிருப்பார். நம்ம பதிவர்கள்ல டோடோவைப் பத்தி ஒரு துணுக்காவது எழுதாத ஆளு குறைச்சல். நானும் எழுதியிருக்கேன், பழைய பதிவுகளைத் தேடினா மாட்டும். எல்லாத்துலயும் மூணாவது வரி இதேதான்: "டோடோ என்றால் போர்த்துகீசிய மொழியில் முட்டாள் என்று பொருள்." முற்றுப்புள்ளி. ஆதாரம் கேட்டு ஒரு பின்னூட்டம் கூட வந்ததில்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எதிர்க்கட்சிக்கு முதல்ல நியாயம் செஞ்சிடறேன். போர்த்துகீசியத்தில் 'தோய்து' என்பது போல ஒலிக்கும் ஒரு சொல் இருக்கிறது, பொருள் கிறுக்கன், முட்டாள். அதன் பழைய வடிவம் 'தோவ்து'. எழுத்தில் பார்த்தால் டோடோவுக்கு இன்னும் நெருக்கம். போர்த்துகீசியர்கள் 1507 வாக்கிலேயே மொரீசியஸ் பக்கம் வந்தவர்கள் என்பதும் சரி. பெரிய ஆங்கில அகராதிகள் இந்த வழியைத்தான் காட்டுகின்றன என்பதும் சரி. இதுக்கு மேல அவங்க பக்கம் என்ன இருக்கு? ரெண்டு சாட்சி இருக்கு. ரெண்டு பேரும் வெள்ளைக்காரங்க, ஆனா ஒருத்தர்கூட போர்த்துகீசியர் இல்ல.

முதல் ஆள் எம்மானுவல் ஆல்தம். 1628-ல் மொரீசியஸிலிருந்து தன் சகோதரனுக்குக் கடிதம் எழுதும்போது, விசித்திரமான ஒரு பறவையைப் பற்றிச் சொல்லி, போர்த்துகீசியர்கள் இதை டோடோ என்பார்கள் என்று எழுதினார். இரண்டாவது ஆள் தாமஸ் ஹெர்பர்ட். பாரசீகத்துக்குப் போன ஆங்கிலத் தூதுக்குழுவில் இருந்தவர், அந்தப் பயணத்தில் மொரீசியஸையும் பார்த்தவர். 1634-ல் அவருடைய பயண நூல் வந்தது. டோடோ என்ற சொல் முதன்முதலில் அச்சேறியது அதில்தான். அவரும் இது போர்த்துகீசியப் பெயர் என்றே சொன்னார்.

இந்த ஹெர்பர்ட்டைப் பத்தி கொஞ்சம் பேசியாகணும். ஏன்னா மனுஷன் சொல்லாராய்ச்சில நம்ம ஊர் ஆளுங்களுக்கு அண்ணன். கொலம்பஸுக்கு முன்னூறு வருஷம் முன்னாடியே மடோக் என்ற வேல்ஸ் இளவரசன் அமெரிக்காவைக் கண்டுபிடித்தான் என்று ஒரு பழைய கதை உண்டு. ஹெர்பர்ட் அந்தக் கதையின் தீவிர விசுவாசி. அதே பயண நூலில் அதற்காக வாதாடினார். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று என்ன தெரியுமா? பெங்குவின்! வேல்ஸ் மொழியில் 'பென்' என்றால் தலை, 'க்வின்' என்றால் வெள்ளை. ஆக பெங்குவின் என்றால் வெள்ளைத்தலை. ஆக அந்தப் பக்கத்துக்கு வேல்ஸ்காரன் போயிருக்கான். ஆக அமெரிக்கா எங்களுது. நமக்குத் தெரிஞ்ச பெங்குவினுக்குத் தலை கறுப்பாச்சேன்னு கேக்கக்கூடாது. (அந்தப் பேரு முதல்ல வட அட்லாண்டிக்கில் இருந்த வேறொரு பறவைக்கு இருந்துச்சு. அதுக்கும் தலை கறுப்புதான், கண்ணுக்கு முன்னாடி மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு.) படிக்கும்போது உங்களுக்கு நம்ம ஊர் ஞாபகம் வரலைன்னா நீங்க தமிழ்ப் பதிவுகளே படிச்சதில்லைன்னு அர்த்தம். உலகத்துல இருக்குற எல்லா ஊர்ப் பேரையும் ரெண்டா உடைச்சு தமிழாக்கற நண்பர்கள் எனக்கும் இருக்காங்க, உங்களுக்கும் இருக்காங்க.

இந்த மனுஷரோட சாட்சியத்தைத்தான் கிட்டத்தட்ட 400 வருஷமா தூக்கிட்டுத் திரியறோம்.

நியாயமா யாரைக் கேட்டிருக்கணும்? போர்த்துகீசியரை. அவர்களுடைய கடற்பயணக் குறிப்புகளில் இந்தப் பறவையைப் பற்றி, தெரிந்தவரை, ஒரு வரி கிடையாது. டோடோவும் இல்லை, தோவ்துவும் இல்லை. மொரீசியஸுக்கு அவர்கள் வைத்த பெயர் 'சிர்னே தீவு'. அது அன்னத்தைக் குறிக்கும் சொல், டோடோவைத்தான் அன்னம் என்று நினைத்துவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு கப்பல் இருந்தது என்று இன்னொரு விளக்கமும் உண்டு. பறவையை நேரில் பார்த்து, சிரித்து, முட்டாள் என்று பெயர் வைத்ததாகச் சொல்லப்படுபவர்கள் அதை ஓரிடத்திலாவது எழுதி வைக்க மாட்டார்களா?

போர்த்துகீசியருக்குப் பறவைப் பெயர் வைக்கத் தெரியாதுன்னு நான் சொல்ல வரல. நல்லாவே தெரியும். ஆங்கிலத்தின் 'ஆல்பட்ராஸ்' அவர்களுடைய 'அல்கத்ராஸ்' என்ற கடற்பறவைப் பெயரிலிருந்து திரிந்தது, அவர்களுக்கு அது அரபியிலிருந்து வந்தது. 'ஈமு' கூட அவர்களுடைய 'எமா'தான். இந்த இரண்டிலும் மூலச்சொல் போர்த்துகீசியத்திலேயே பறவைப் பெயராக உயிரோடு இருக்கிறது, இன்றைக்கும் சொல்கிறார்கள். நம்ம வீட்டையே எடுத்துக்கோங்க. ஜன்னல் அவங்க சொல், அலமாரி அவங்க சொல், சாவி அவங்க சொல். அங்கேயும் ஜன்னல்னா ஜன்னல்தான், சாவின்னா சாவிதான். ஒலி பொருந்துது, பொருள் பொருந்துது, நம்ம கடற்கரைக்கு அவங்க வந்து போனதுக்கு சரித்திரம் இருக்கு. டோடோவுக்கு ஒலி மட்டும்தான் பொருந்துது. பொருளைப் பொருத்த ஒரு கதை தேவைப்படுது: "அந்தப் பறவை முட்டாள், அதனால..."

வெறும் ஒலியும் ஒரு கதையும் போதும்னா என்கிட்டயே ஒண்ணு இருக்கு. டோடோ தமிழ்ச்சொல். எப்படின்னு கேளுங்க. அது மனுஷனைக் கண்டு பயப்படாத பறவை. பக்கத்துல போனா ஓடாது, கையால தொடலாம். அந்தக் காலத்துல கடலோடின நம்ம தமிழ் மாலுமி அதைப் பார்த்துட்டு பக்கத்துல நின்ன தோழன்கிட்ட ஆச்சரியமா "தொடு... தொடு..." என்றான். தொடு தொடு, தொடுதொடு, டோடோ! போர்த்துகீசியக் கதையைவிட இது அழகா பொருந்துதா இல்லையா? ரெண்டு அசையும் வருது, பறவையோட குணமும் வருது, யாரையும் திட்டவும் இல்ல. தயவுசெஞ்சு இதை எடுத்துக்கிட்டுப் போய் எங்கேயும் போட்டுடாதீங்க சாமிகளா, இது முழுப் பொய். புதுச்சேரியிலிருந்து தமிழர்கள் மொரீசியஸுக்குப் போனது பிரெஞ்சுக்காரர் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில். அப்போது அந்தத் தீவில் தொடுவதற்கு ஒரு டோடோவும் இல்லை.

அப்ப உண்மையான பேரு எங்கேர்ந்து வந்துச்சு? அந்தப் பறவையை முதலில் விரிவாக எழுதி வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1598-ல் வைப்ராண்ட் வான் வார்விக் தலைமையில் வந்த கப்பல்கள் தீவுக்கு இளவரசர் மௌரிட்ஸ் பெயரை வைத்தன. பறவைக்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் 'வல்க்வோகல்', அதாவது குமட்டல் பறவை. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கறி வேகவில்லையாம். 1602-ல் வந்த வில்லெம் வான் வெஸ்ட்-சானென் என்ற கப்பல் தலைவரின் நாட்குறிப்பில் இன்னொரு பெயர் வருகிறது: 'டோடார்ஸ்'.

இந்த டோடார்ஸ் யாருன்னு தெரிஞ்சா நீங்க குஷியாயிடுவீங்க. நெதர்லாந்தில் இன்றைக்கும் டோடார்ஸ் என்றால் ஒரு நீர்ப்பறவை. நம்ம ஊர்ல அதுக்குப் பேரு முக்குளிப்பான். ஏரி, குளம், தண்ணி நிக்கற எந்த இடத்துலயும் பார்த்திருப்பீங்க. பழுப்பா, உருண்டையா, வாத்துக்குஞ்சு மாதிரி மிதந்துக்கிட்டே இருக்கும், கண் சிமிட்டறதுக்குள்ள முங்கி வேற இடத்துல எந்திரிக்கும். அங்கே இருப்பதும் இங்கே இருப்பதும் ஒரே இனம்தான். அதுக்கு வால்னு சொல்ற மாதிரி ஒண்ணும் கிடையாது, பின்னாடி ஒரு பஞ்சு முடிச்சு மட்டும்தான். டச்சில் 'டோட்' என்றால் முடிச்சு, குஞ்சம். 'ஆர்ஸ்' என்றால்... பெரியவங்களும் படிக்கிறாங்க, பின்பக்கம்னு வெச்சுக்குவோம். டோடோவுக்கும் பின்னாடி அதே மாதிரி ஒரு சுருள் இறகுக் கொத்து. பழைய படங்கள்ல பார்க்கலாம். ஊர்ல முக்குளிப்பானைப் பார்த்து வளர்ந்த மாலுமி, ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஒரு குண்டுப் பறவையோட பின்பக்கத்தைப் பார்த்தான், ஊர் ஞாபகம் வந்துச்சு, அதே பேரை வெச்சான். இதுல கதை எதுவும் தேவைப்படல பாருங்க. ஊர்ப் பேரைக் கொண்டுபோய்ப் புதுசுக்கு வெக்கறதுதான் உலகம் பூரா நடக்கற வழக்கம்.

இதிலும் ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். 1602-ல் எழுதிய அந்த நாட்குறிப்பு அச்சில் வந்தது 1648-ல்தான். அச்சிட்டவர் நடுவில் கைவைத்திருக்கலாம் என்று ஒருவர் வாதாடலாம். வாதாடட்டும். ஆனால் ஆங்கிலத்தில் டோடோ வந்த அதே காலத்தில் 'டோடார்' என்ற வடிவமும் கூடவே வந்து 18-ஆம் நூற்றாண்டு வரை புழங்கியது. அந்தக் கடைசி 'ர்' எங்கேர்ந்து வந்துச்சு? போர்த்துகீசியத் தோவ்துவில் 'ர்' கிடையாது. டச்சு டோடார்ஸில் இருக்கு. என் கணிப்பு இதுதான்: டச்சு மாலுமிகள் வாயிலிருந்து சொல் கிளம்பியது. போர்த்துகீசியம் அப்போது இந்தியப் பெருங்கடல் துறைமுகங்களில் எல்லோரும் ஓட்டையும் உடைசலுமாகப் பேசிய பொதுமொழி. சொல்லைக் கேட்டவர்களுக்குத் தங்களுக்குத் தெரிந்த வசவு நினைவுக்கு வந்தது, "ஓ, இதுதானா" என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். புறா இனம் என்பதால் இரண்டு அசையில் 'டூ-டூ' என்று கூவியிருக்கும், அந்தக் கூவல்தான் பெயராச்சு என்று மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. காகம், குயில்னு பேர் வெச்ச நமக்கு அது பிடிச்சுப்போகும். ஆனா கூவலைக் கேட்டு எழுதி வெச்ச ஆள் கிடையாது, அதனால அதை ஓரமா வெச்சிடறேன்.

"ஏன்யா, செத்துப்போன பறவைக்குப் போய் இவ்ளோ பெரிய பஞ்சாயத்தா?"ன்னு நீங்க கேப்பீங்க. அங்கதான் எனக்கு மெய்யாலுமே கோவம் வருது.

1598-ல் கப்பல் வந்தது. பார்த்ததாக நம்பத்தகுந்த கடைசிக் குறிப்பு என்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுவது 1662. நடுவுல 64 வருஷம், என் தாத்தாவோட ஆயுசு அவ்வளவுதான். தரையில் கூடு கட்டும், ஒரே ஒரு முட்டை இடும் என்று குறிப்புகள் சொல்கின்றன. கப்பலோடு எலி வந்தது, பன்றி வந்தது, குரங்கு வந்தது. முட்டை போனது, குஞ்சு போனது. இதில் பறவையின் முட்டாள்தனம் எங்கே வந்தது? பல லட்சம் ஆண்டுகள் அந்தத் தீவில் அதைத் துரத்திக் கொல்ல ஒரு மிருகம் இருந்ததில்லை. பயப்பட வேண்டிய தேவையே வராத இடத்தில் பயம் எப்படி வரும்? வீட்டுக்கு வந்தவனை வாசல்ல நின்னு பார்த்ததுக்கு தடியால அடிச்சுட்டு, "ஓடத் தெரியல பாரு, மட்டி"ன்னு பேரும் வெக்கறோம். பேரு வெச்சதும் கொலைக்கு ஒரு காரணம் கிடைச்சுடுது: நாங்க அழிக்கல, அதோட மக்குத்தனத்தால அது அழிஞ்சுது.

படிச்சவங்களும் சும்மா இருக்கல. 1758-ல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் கௌரவமாகத்தான் இருந்தது. 'கூகுல்லாட்டஸ்', முக்காடு போட்டது. 1766-ல் அவரே மாற்றி 'டிடஸ் இனெப்டஸ்' என்றார். இனெப்டஸ் என்றால் லத்தீனில் மக்கு, உதவாக்கரை. முந்தி வைத்த பெயருக்கே முன்னுரிமை என்ற விதி பின்னால் வந்ததால் மட்டும்தான் இப்போது அறிவியல் பெயர் 'ராபஸ் கூகுல்லாட்டஸ்'. பரிதாபப்பட்டு மாத்தல, விதிப்படி மாறிடுச்சு. நாம இன்னும் மாறல.

மூளையையாவது யாராவது பார்த்தார்களா? பார்த்தார்கள். 2016-ல் வெளியான ஆய்வு ஒன்றில், டோடோ மண்டையோட்டை ஸ்கேன் செய்து மூளை இருந்த இடத்தை அளந்தார்கள். உடம்புக்கு ஏற்ற மூளை, புறாக்களுக்கு இருக்கும் அதே கணக்கு. வாசனை உணரும் பகுதி மட்டும் புறாவைவிடப் பெரிது. இன்னொரு ஸ்கேன் 2018-ல் செய்தி ஆனது. ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் ஒரு டோடோவின் தலை இருக்கிறது, கொஞ்சம் தோலும் சதையும் மிஞ்சியிருக்கும் ஒரே தலை. லண்டனில் உயிரோடு காட்சிக்கு வைத்திருந்து வயசாகிச் செத்தது என்று ரொம்ப நாள் நம்பப்பட்ட பறவை. ஸ்கேனில் மண்டையின் பின்பக்கம் ஈயக் குண்டுகள் தெரிந்தன. பின்னாலிருந்து சுட்டிருக்கிறார்கள்.

இந்தியாவுக்கே அது வந்திருக்கு, தெரியுமா? 1628-க்கும் 1634-க்கும் நடுவில் இங்கே இருந்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர் சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர் வரைந்தது என்று கருதப்படும் படம் ஒன்று ரஷ்யாவில் இருக்கிறது. மற்ற பறவைகளுக்கு நடுவில் சாதாரணமாக நிற்கிறது. ஐரோப்பியப் படங்களில் வருகிற மாதிரி ஊதிப்போன கோமாளியா இல்ல, ஒல்லியா, மரியாதையா, ஒரு பறவை மாதிரி இருக்கு.

"அகராதியே சொல்லுதே, நீ யாரு?"ன்னு ஒரு பின்னூட்டம் நிச்சயம் வரும். அகராதி சொல்வது ஹெர்பர்ட் சொன்னதை, ஒலி ஒற்றுமையோடு சேர்த்து. அதைத் தாண்டி ஒரு போர்த்துகீசிய ஆவணம், 1628-க்கு முந்தியது, அந்தப் பறவையை அந்தச் சொல்லால் குறிப்பது, ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. இந்தப் பதிவைத் தூக்கிட்டு மன்னிப்புப் பதிவு போடறேன். அதுவரைக்கும் "டோடோ என்றால் முட்டாள்"னு எழுதற ஒவ்வொருத்தர் பதிவுலயும் வந்து நிப்பேன். மொக்கைன்னு திட்டினாலும் போக மாட்டேன்.

அக்கா பையனுக்கு எல்லாத்தையும் சொன்னேன். ஹெர்பர்ட், பெங்குவின் வரைக்கும் முகத்துல ஒரு அசைவும் இல்ல. டோடார்ஸ் அர்த்தம் சொன்னப்பதான் விழுந்து விழுந்து சிரிச்சான். "அப்ப அவங்க என்னை அப்படியா கூப்பிடறாங்க? அவங்களுக்கே தெரியாமலா?" அப்புறம் மொரீசியஸ் ரூபாய் நோட்டு படம் ஒண்ணு காட்டினேன். அதுல நம்ம தமிழ் எழுத்து இருக்கு. நோட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா உள்ள டோடோ தலை தெரியும். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான். வேன்ல இன்னும் அந்தப் பேருதான் ஓடுதாம்.

நேத்து சாயங்காலம் கீழ அறிவிப்புப் பலகையில ஒரு தாள் ஒட்டிட்டு வந்தேன்: "பொங்கல் வினாடி வினா, சிறுவர் சுற்று, ஏழாவது கேள்வி தவறானது. கேட்டவர் வருந்துகிறார்." பத்து மதிப்பெண்ணைத் திரும்ப வாங்க முடியாது. ஜெயிச்ச அணி பரிசு சாக்லேட்டை அன்னைக்கு மேடையிலேயே தின்னு முடிச்சாச்சு.